சர்க்கரை நோயாளியின் கண்ணைச் செயற்கை நுண்ணறிவு பரிசோதித்தால் வயதானவர்கள் நம்புவார்களா?

நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, கண் முகாமுக்கு வர மாட்டேன் என்று வீட்டில் ஒரு பெரியவர் அடம்பிடிக்கிறார். என் அப்பாவும் அப்படித்தான். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம், நெடுநாள் சர்க்கரை. “கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?” என்பார்.

அவருடைய அவநம்பிக்கைக்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல. கீழே சமவெளியில் ஒரு மருத்துவர் கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடாமல், விழித்திரையைப் பார்க்காமல், “கண் நன்றாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டு என்றாலே அப்பாவுக்கு ஆகாது.

முகாமில், விழித்திரையைப் படம் எடுத்துச் சர்க்கரையால் பாதிப்பு உண்டா என்று செயற்கை நுண்ணறிவு சொல்லும் கேமராவில் ஒருவழியாக முகவாயை வைத்தார். வலது கண்ணுக்கு உடனே முடிவு வந்தது. இடது கண்ணில் புரை இருந்ததால் படம் மங்கல். பாதிப்பு எந்த அளவு என்று தரம் பிரிக்க முடியாது என்று வந்தது. கேமராவை இயக்கிய பெண் மழுப்பவில்லை. “ஐயா, இந்தக் கண்ணை இதனால் பார்க்க முடியவில்லை. டாக்டர்தான் பார்க்க வேண்டும்” என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, “தெரியாததைத் தெரியாது என்கிறதே, பரவாயில்லை” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

இந்த நுட்பம் ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. கூகுள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்களும் பயன்பட்டன. பின்னர் கூகுளின் அந்த நுட்பத்தைத் தாய்லாந்துச் சுகாதார நிலையங்களில் வைத்தபோது, முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது ஏற்கவில்லை. போதிய அளவு இருட்டாக்க முடியாத அறைகளில் எடுத்த படங்கள் பல தேறவில்லை. செவிலியர்களுக்கு அது தலைவலிதான், மறுக்கவில்லை. ஆனால் மங்கலான படத்தை வைத்துக்கொண்டு “நலம்” என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று இதற்குள் யாராவது கிளம்பியிருப்பார்கள். அந்த யோகம் இருந்தால் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு நாங்கள் ஏன் போராட்டப் பந்தலில் உட்காருகிறோம்? மழைக்காலத்தில் ஈரம் என்று சொல்லி எடையில் கழிக்கிறார்கள். எவ்வளவு ஈரம்? இலை எடுக்க வருபவர் கையால் அள்ளிப் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. அதற்கு ஒரு கருவி வைத்தால் முதல் ஆளாக நான் நம்புவேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் “தரம் பிரிக்க முடியாது” என்று வந்தால், நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கண் மருத்துவரிடம் அந்தத் தாளோடு அழைத்துப் போங்கள். வரும்போது கண் கூசும், படிக்கட்டு தெரியாது. துணைக்கு ஒருவர் வேண்டும்.