போட்டிக்கு எந்தப் படத்தை அனுப்புவது?

கேள்வி: ஆறு மாதம் முன்பு எங்கள் பகுதிப் புகைப்படக் கழகத்தில் சேர்ந்தேன். மாதப் போட்டிக்கு மூன்று முறை படம் அனுப்பினேன். மூன்று முறையும் 20-க்கு 12, 13 மதிப்பெண்தான் கிடைத்தது. அதே படங்களைப் பார்த்து வீட்டிலும் நண்பர்களும் பிரமாதம் என்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது? நல்ல கேமரா வாங்கும்வரை போட்டியை நிறுத்திவைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கேமராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், எடுக்கும் இடத்தைவிடத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சிக்கல் இருக்கும் என்று தோன்றுகிறது. பல ஆண்டுகள் கழகப் போட்டிகளில் படம் அனுப்பியும் சில காலம் நடுவராக உட்கார்ந்தும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டாருக்கு அந்தப் படத்தின் கதை தெரியும். எத்தனை மணிக்கு எழுந்து போனீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். நடுவருக்குப் பெரும்பாலும் எடுத்தவர் பெயர்கூடத் தெரியாது. தலைப்பை வாசிப்பார்கள், படம் திரையில் வரும், அவ்வளவுதான். சலான் எனப்படும் பெரிய புகைப்படப் போட்டிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையாக வருவதால் ஒரு படத்துக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் கண் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் மதிப்பெண்ணைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

ஒரு கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னலோரம் ஒரு பாட்டி ஊசியில் நூல் கோக்கும் படம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து விரல் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஆனால் இடது மூலையில் கொடியில் தொங்கிய வெள்ளைத் துண்டு, படத்திலேயே அதிக வெளிச்சமான இடமாக இருந்தது. எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் போனது. படம் எடுத்தவர் அப்புறம் என்னிடம் வந்து, "இத்தனை நாள் பார்த்திருக்கிறேன், அந்தத் துண்டு என் கண்ணில் படவே இல்லை" என்றார். பாட்டியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எப்படிப் படும்! இடது பக்கத்தைக் கொஞ்சம் வெட்டினாலே போதும், படம் சரியாகிவிடும்.

இதைத் தவிர்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். படம் எடுத்த சூட்டோடு போட்டிக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இரண்டு மூன்று வாரம் ஆறவிடுவேன். அப்புறம் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன், இடவலமாகத் திருப்பியும் பார்ப்பேன். பழகிய படம் திடீரென்று அந்நியமாகத் தெரியும், மூலைகளில் இருக்கும் தொந்தரவுகள் தாமாக எழுந்து வரும். கடைசியாகக் கழகத்தில் ஒருவரிடம் கதை எதுவும் சொல்லாமல் காட்டி, "முதலில் உங்கள் கண் எங்கே போகிறது?" என்று மட்டும் கேட்பேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் பதில் வரும்.

அடுத்து, நீங்கள் அனுப்பும் போட்டிப் பிரிவின் விதிகளைப் படியுங்கள். நல்ல படங்கள் அடிபடுவது இங்கேதான் அதிகம். 1950-இல் தொடங்கிய ஃபியாப் (FIAP) என்ற சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பின் விளக்கங்களைப் பல கழகங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி கறுப்பு வெள்ளைப் படம் முழுவதையும் ஒரே நிறச் சாயலுக்கு மாற்றினால் அது மோனோகுரோம், அதாவது ஒற்றை நிறப் பிரிவிலேயே இருக்கும். ஒரு பூவை மட்டும் சிவப்பாக விட்டுவிட்டால் அது வண்ணப் படமாகிவிடும். இயற்கைப் பிரிவு இன்னும் கறாரானது. வளர்ப்புப் பிராணி, தோட்டத்தில் வளர்த்த கலப்பினப் பூ எல்லாம் அதில் சேராது. கிராப் செய்யலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் படிந்த தூசியின் புள்ளிகளை நீக்கலாம். ஆனால் பறவைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை அழிக்கக் கூடாது. அது நடந்ததை மாற்றுவது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஷட்டரை அழுத்தும் முன்பே பின்னணியைப் பார்க்க வைக்கிறது. ஃபியாப் விதியில் இன்னொன்று: படத்தின் எல்லாப் பகுதிகளும் நீங்களே எடுத்தவையாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த வானத்தையோ செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய வானத்தையோ ஒட்ட முடியாது.

திரையிடும் போட்டியானால் கழகம் கேட்கும் பிக்சல் அளவில், திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ண அமைப்பில், ஜேபெக் (JPEG) கோப்பாக அனுப்புங்கள். பிரிண்ட் போட்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கணினித் திரை தானே ஒளிவிடுகிறது, தாளோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அதனால்தான் முதல் பிரிண்ட் எப்போதும் இருட்டாக வந்ததுபோல் இருக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துத் திருத்துங்கள். முழு அளவில் போடும் முன் அதே தாளில் சின்னதாக ஒன்று போட்டு, ஜன்னல் வெளிச்சத்திலும் விளக்கடியிலும் பாருங்கள்.

போட்டி கழகத்தின் ஒரு பகுதிதான். விமர்சனக் கூட்டத்தையும் வெளிப்பயணத்தையும் விடாதீர்கள். ஒரே இடத்துக்குப் பத்துப் பேர் போய்விட்டு வந்து பத்துப் பேரின் படங்களையும் வரிசையாகப் பார்ப்பதுபோன்ற பாடம் வேறில்லை. நீங்கள் நின்ற அதே இடத்தில் இன்னொருவர் குனிந்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம் இருக்கும்.

போட்டி மாலையில் கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவர் பேசும் முன்பே உங்கள் மதிப்பெண்ணைக் குறியுங்கள், ஒரு வரியில் காரணமும் எழுதுங்கள். எங்கே அவரோடு ஒத்துப்போனீர்கள், எங்கே விலகினீர்கள் என்று நான்கைந்து கூட்டங்களில் தெரிந்துவிடும். நடுவருக்கு நடுவர் ரசனை மாறும். ஒருவர் 13 கொடுத்த படத்துக்கு இன்னொருவர் 18 கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் சொன்ன குறைக்காகப் படத்தைத் தூக்கிப்போட வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் மட்டும் படத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

அந்த மூன்று படங்களையும் இப்போதே தேதி போட்டு எடுத்துவையுங்கள். அடுத்த போட்டிக்கு ஐந்து படங்களைப் பொறுக்கி விமர்சனக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள், எதை அனுப்புவது என்பதை அங்கே கேட்டபிறகு முடிவுசெய்யுங்கள்.