எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு என்ன வசதி வேண்டும் என்று முடிவு செய்வதில் பெற்றோருக்கு இடம் உண்டா?

உண்டு, சட்டத்திலேயே உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21, 22 பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதே அந்தக் குழுதான். ஆனால் நிறைய ஊர்களில் தலைமை ஆசிரியர் எழுதி வைத்திருப்பார், நாம் போய் டீ குடித்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். (அவரையும் குறை சொல்ல முடியாது, கூப்பிட்டால் வருவதே நாலு பேர்.)

நானும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக் குழுவில் இருக்கிறேன். நான் சொல்வது ஒன்றுதான்: கூட்டத்தில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள், இடைவேளை நேரத்தில் பள்ளிக்குள் ஒரு சுற்று வந்துவிட்டு அப்புறம் போடுங்கள். எங்கள் பள்ளிப் பதிவேட்டில் பெண்கள் கழிப்பறை 'உள்ளது'. நேரில் போய்ப் பார்த்தால் கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், குழாயோ வெளியே இருக்கிறது. பிள்ளைகள் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று அம்மாக்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் வெளியே வந்தது, ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் யார் வாய் திறப்பார்கள்? தட்டு கழுவி முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடுகிறது என்பதைச் சொன்னது சத்துணவு சமைக்கும் அக்கா. இதெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது.

ஊரில் பணம் கொடுக்க ஆள் இருக்கும், அதில் ஒரு சிக்கலும் இருக்கும். 1950களின் கடைசியில் அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பள்ளிக்குத் தேவையானதைப் பட்டியல் போட்டு, அதை ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கினார்கள். இப்போது பல இடத்தில் கொடுப்பவர் ஆசைப்பட்டதைப் பள்ளி வாங்கிக்கொள்கிறது. எங்களிடமும் ஒருவர் அப்பா பெயரில் நுழைவு வளைவு கட்டித் தருகிறேன் என்றார். பட்டியலைக் காட்டிப் பேசிப் பேசி, அதே பெயர் இப்போது தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது, அவருக்கும் சந்தோஷம்தான்.

மனு எங்கே போக வேண்டும் என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டட வேலைக்குப் பார்க்க வேண்டியது வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகம், கல்வி அலுவலருக்கு நகல் போதும். குழுவில் தீர்மானம் போட்டு, அதையே கிராம சபையிலும் வையுங்கள், வருஷத்துக்கு ஆறு நடக்கிறது. தீர்மான நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் போட்டால் மீதியை அரசு போடும், அதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று, எதைக் கட்டினாலும் யார் கழுவுவது, மோட்டார் ரிப்பேருக்குப் பணம் எங்கிருந்து என்று அப்போதே எழுதிவையுங்கள். 101 முதல் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் மானியம் வருஷத்துக்கு 50,000 ரூபாய், சாக்பீஸிலிருந்து சின்னச் சின்ன ரிப்பேர் வரை அதற்குள்தான். நாங்கள் திட்டத்தில் முதல் வரியாகப் போட்டது தாழ்ப்பாள், அதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை.