சும்மா கிடைக்கிற 8 சதவீதம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2019-ல் வாங்கியது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, எஸ்எஸ்டி. பிரீமியர் ப்ரோவில் வேலை. ஒரு மணி நேரப் படத்தை எக்ஸ்போர்ட் போட்டால் ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. முகூர்த்த மாதங்களில் தூக்கமே இல்லை. கடைக்காரர் ரைசன் 5 5600 மாற்றினால் சரியாகிவிடும் என்று 10,500 ரூபாய் சொல்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன், "எதுக்கு மாமா காசு? ஓவர்கிளாக் பண்ணா சும்மாவே வேகம் கூடும்" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். உங்கள் அக்கா மகன் பொய் சொல்லவில்லை. அவன் வயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்த காலம். 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு பிராசஸர் விட்டது. விலை குறைவு. 300 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதி விற்றார்கள். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை (பிராசஸரும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதையை) நாலரையால் பெருக்கினால் வருகிற 300 அது. பெருக்குகிற எண்ணை மாற்ற முடியாமல் பூட்டியிருந்தார்கள், பஸ்ஸை விட்டுவிட்டார்கள். 66-ஐ 100 ஆக்கினால் 450. பஸ் வேகத்தை மாற்றும் ஜம்பர் இல்லாத போர்டு என்றால் பிராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு காலைத் துளி டேப் ஒட்டி மறைப்போம். போர்டு ஏமாந்துபோய் 100-ல் ஓடும். பெண்டியம் 2-ன் 450 வாங்கப் பல மடங்கு பணம் கொடுத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேகத்தில் வேலை பார்த்தோம். எல்லா சில்லும் ஏறாது, ஆனால் நிறைய ஏறின. 50 சதவீதம் இலவசம்! அந்த ருசி கண்டவனுக்கு ஓவர்கிளாக் ஆசை லேசில் போகாது.

அந்த 50 சதவீதத்தை இப்போது கம்பெனிக்காரனே எடுத்துக்கொண்டுவிட்டான். உங்கள் 2600 மேல் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். ஒரே கோருக்கு (பிராசஸருக்குள் தனியாக வேலை பார்க்கும் பகுதிக்கு) வேலை வந்தால் தானாகவே 3.9 வரை போகும். ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது, சூடு கட்டுக்குள் இருந்தால், 3.7 பக்கத்தில் ஓடுவதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சூடு, எவ்வளவு கரண்ட் என்று நொடிக்குப் பல தடவை தானே அளந்து, முடிந்த வரை ஏறிக்கொள்கிறது. உங்கள் அக்கா மகன் ராத்திரி முழுக்க பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) உட்கார்ந்து 4.0 ஆக்குவான். 3.7-லிருந்து 4.0 என்றால் 8 சதவீதம். உங்கள் 90 நிமிடம் 83 ஆகும். ஒரு டீ குடிக்கிற நேரம்.

அந்த டீ சும்மா வராது. அவ்வளவு வேகத்தில் தடுமாறாமல் ஓட வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். உதாரணத்துக்கு 1.2 வோல்ட்டை 1.35 ஆக்குகிறான் என்று வையுங்கள். கரண்ட் செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கணக்குப் போட்டால் 8 சதவீத வேகத்துக்கு ஏறக்குறைய 37 சதவீதம் கூடுதல் மின்சாரம். அது அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். பெட்டியோடு வந்த குட்டிக் கூலர்தான் இன்னும் இருக்கிறது என்றால், அது சித்திரை மாதக் கும்பகோணத்தில் இந்தச் சூட்டைத் தாங்காது. வெளிநாட்டு வீடியோக்களில் 70 டிகிரி காட்டுகிறார்களே என்றால், அவர்கள் அறை 22 டிகிரி. உங்கள் அறை 38 என்றால் அந்த 16 டிகிரியை அப்படியே 70-க்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் பிராசஸர் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைக்கும். ஏற்றியது ஒரு கை, இறக்கியது இன்னொரு கை.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. அரைகுறையாக ஏற்றிய பிராசஸர் விளையாட்டில் மணிக்கணக்காகப் பேசாமல் ஓடும். எக்ஸ்போர்ட்டில் 94 சதவீதத்தில் நீலத்திரை போடும். அதுவும் விடிகாலை மூணு மணிக்கு. விளையாடுகிறவன் திரும்ப ஆன் பண்ணிக்கொள்வான். காலையில் பென்டிரைவ் வாங்க வருகிற பெண் வீட்டாருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சரி, அப்படியானால் கடைக்காரர் சொல்வதுதான் சரியா? பணத்தை எடுப்பதற்கு முன் உங்களைக் காக்க வைப்பது யார் என்று பாருங்கள். எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். பிராசஸர் 100-ஐ ஒட்டியே நிற்கிறதா, அல்லது 40, 50-ல் உலாத்துகிறதா? உலாத்தினால் குற்றவாளி வேறு ஆள். கிளிப்புகள் வெளியே யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் கிடக்கலாம், 16 ஜிபி ரேம் நிரம்பி வழியலாம்.

அப்புறம் எக்ஸ்போர்ட் செட்டிங்கில் 'என்கோடிங்' (வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்குவது) என்ற இடம். அங்கே 'சாஃப்ட்வேர்' என்று இருந்தால் மொத்த பாரத்தையும் பிராசஸர் ஒருவனே சுமக்கிறான். உங்கள் 1050 டிஐ கார்டுக்குள் வீடியோவை என்கோட் செய்யவே தனிப் பகுதி இருக்கிறது. பிரீமியர் 2020 முதல் அதைப் பயன்படுத்துகிறது. 'ஹார்டுவேர்' என்று மாற்றி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். போன வருடம் இப்படி ஒருவர் புது கம்ப்யூட்டர் வாங்கப் பணத்தோடு வந்து, இந்த ஒரு சொடுக்கோடு திரும்பிப் போனார். எனக்கு வியாபாரம் போனது, அது வேறு கதை.

பெட்டியைத் திறந்து கூலரையும் பாருங்கள். ஸ்டுடியோ என்றால் சாமி படம், ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் இருக்கும். அந்தப் புகைப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கூலரின் ரெக்கைகளுக்கு நடுவே கம்பளி போர்த்தினாற்போல் அடைத்துவிடும். உங்கள் 2600 தன்னுடைய 3.7-ஐயே எட்டாமல் மூச்சுத்திணறிக்கொண்டிருக்கலாம். பிரஷ், புளோயர், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசப் புது தெர்மல் பேஸ்ட். சில நூறு ரூபாயில் முடியும்.

கேமரா எது என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். இப்போதைய கேமராக்களில் பலவும் எச்.265 என்ற அதிகம் சுருக்கும் முறையில், 10 பிட் 4:2:2 என்ற கூடுதல் நிற விவரத்தோடு பதிவு எடுக்கும். அதை விரித்துக் காட்டும் ஹார்டுவேர் உங்கள் கார்டிலும் இல்லை, கடைக்காரர் சொல்லும் 5600-லும் இல்லை. 11-ம் தலைமுறை முதல் இன்டெல் பிராசஸரோடு வருகிற கிராபிக்ஸில் உண்டு. உங்கள் வேதனை எக்ஸ்போர்ட்டைவிட டைம்லைன் விக்கி விக்கி ஓடுவதுதான் என்றால், பிராக்ஸி (கிளிப்புகளின் லேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள், செலவில்லை. அதற்கும் பொறுமை இல்லை என்றால் 10,500 ரூபாயை இந்தப் போர்டில் போடாமல், இன்டெல் பக்கம் மொத்தமாக மாறுவதற்குச் சேர்த்து வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் பிராசஸர் 100-ல்தான் நிற்கிறது, கேமராவும் சாதாரண 8 பிட்தான் என்றால், கடைக்காரர் சொன்னதைச் செய்யலாம். 5600-க்கும் அதே ஆறு கோர், அதே 65 வாட். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்ற வேண்டாம், ரேம் மாற்ற வேண்டாம். இரண்டு தலைமுறை தாண்டிய உள்கட்டமைப்பு என்பதால் இந்த மாதிரி வேலையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஓடும். 90 நிமிடம் அறுபது, அறுபத்தைந்துக்கு வரும். வருடம் 40 கல்யாணம், கல்யாணத்துக்கு மூன்று தடவை எக்ஸ்போர்ட் (சித்தப்பா முகம் வரவில்லை, அத்தை சீர்த்தட்டு வரவில்லை என்று திருத்தம் வராத வீடு உண்டா?) என்றால் வருடத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் மிச்சம். 10,500 ரூபாய்க்கு இது நியாயமான பேரம்.

மாற்றும்போது வரிசை தப்பக் கூடாது. பழைய 2600 போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பழைய பயாஸில் 5600-ஐ மாட்டினால் திரையே வராது. கடைக்காரர் போர்டு போச்சு என்று அதற்கும் ஒரு பில் போடுவார். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போகும், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, நான் பட்ட அடி. பழைய கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்திருக்கும்; கூலரோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இந்த ரகத்தில் 1,331 ஊசிக்கால்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. ஒரு வாடிக்கையாளரின் பிராசஸரை இப்படிப் பிடுங்கி, வளைந்த கால்களை லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை மாட்டி ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். பிராசஸர் பிழைத்தது, எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பத்து நிமிடம் வேலை கொடுத்துச் சூடாக்கிவிட்டு, அணைத்து, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கழற்றிய 2600-ஐ அக்கா மகனிடம் கொடுங்கள். பழைய போர்டு ஒன்றைப் பிடித்து ஆசை தீர ஓவர்கிளாக் செய்யட்டும். ஏ320 போர்டு மட்டும் வாங்க வேண்டாம், அதில் அந்த வசதி கிடையாது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், திருநெல்வேலி. ஐ5-4460 பிராசஸர், எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் ஆக ஐந்து நிமிடம். பேரன் ஓவர்கிளாக் செய்கிறேன் என்கிறான். விடலாமா?

பதில்: விடுங்கள் ஐயா, அவனால் எதுவும் ஆகாது. அந்த வரிசையில் பெயருக்குப் பின்னால் 'கே' எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களுக்குத்தான் பூட்டுத் திறந்திருக்கும். உங்களுடையதில் 'கே' இல்லை.

உங்களைக் காக்க வைப்பது அந்த ஹார்டு டிஸ்க். ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அரை நிமிடம் ஆகும். யாராவது ஐ7-4790 பழசு இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ம் தலைமுறையாவது வேண்டும். ஐ7-4790-ம் 4-ம் தலைமுறைதான். பேரனுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தரச் சொல்லுங்கள். மெயில், யூடியூப், தமிழ் டைப்பிங் எல்லாம் நடக்கும்.

கேள்வி: கோவையில் கல்லூரி மாணவன். ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கேமில் 90 பிரேம் வருகிறது. அதை 120 ஆக்க ஓவர்கிளாக் செய்யவா, 5800எக்ஸ்3டி வாங்கவா?

பதில்: 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும் தம்பி. இப்போது வரும் 90-லேயே 30 வீணாகிறது. காசு இருந்தால் மானிட்டரை மாற்று. 5800எக்ஸ்3டி நல்ல சரக்குதான், ஆனால் பிராசஸருக்கு மேலே அடுக்கியிருக்கும் கேஷ் எனும் அதிவேக மெமரி அதிக வோல்டேஜைத் தாங்காது என்பதால் அதைப் பூட்டியே விற்றார்கள். அதை வாங்கினால் ஓவர்கிளாக் ஆசையை விட வேண்டும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகம் என்ன என்று பார். 3200 ரேம் வாங்கிவிட்டு 2400-ல் ஓட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஏராளம். பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தால் போதும், ரேம் தன் முழு வேகத்தில் ஓடும். ரைசனுக்குள் கோர்களை ரேமோடு இணைக்கும் பாதையும் ரேம் வேகத்தோடு சேர்ந்து ஓடுவதால் இந்த ஒரு மாற்றத்தின் பலன் உனக்குக் கண்கூடாகத் தெரியும். கை அரிப்பு இன்னும் அடங்கவில்லையா? அதே பயாஸில் கர்வ் ஆப்டிமைசரை மைனஸில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அந்த இடைவெளியில் பிராசஸர் தானே சற்று மேலே ஏறும். என் வீட்டு மெஷினில் நான் செய்திருப்பதும் இதுதான்.

கேள்வி: ஓவர்கிளாக் செய்தால் வாரண்டி போகுமா? (வேலூர் வாசகர்)

பதில்: அதனால் சேதம் வந்தால் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பொறுப்பேற்காது. வோல்டேஜ் விஷயத்தில் கம்பெனிக்காரர்களே தடுக்கி விழுந்ததும் உண்டு. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நிலைகுலைந்ததை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் விட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்துவிட்டீர்களா?