பங்குல எளிமை, சுற்றுச்சூழல், ஏழைங்க: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

பங்குன்னா இங்க ஒரு கத்தோலிக்கக் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். பங்குப் பேரவை, நிதிக்குழு, ஏழைங்களுக்கு உதவற வின்சென்ட் தே பவுல் சபைன்னு ரொம்ப வருஷமா சுத்திட்டு இருக்கேன்னு தெரிஞ்சு ஆளாளுக்கு கேள்வி அனுப்பிட்டீங்க. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். நான் சிஸ்டர் இல்ல, இறையியல் படிச்சவளும் இல்ல, கணக்கு நோட்டும் வீடு சந்திப்பும்தான் எனக்குத் தெரிஞ்சது, அதை மனசுல வெச்சுட்டு படிங்க.

கேள்வி: அக்கா, எங்க பங்குல எளிமைக்கு ஒரு குழு, சுற்றுச்சூழலுக்கு ஒரு குழு, ஏழைங்களுக்கு ஒரு குழுன்னு மூணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். சரியா வருமா?

வேணாம்பா. மூணு குழு போட்டா மூணு மீட்டிங், மூணு பேனர், மூணு டீ செலவு, அதோட முடிஞ்சுரும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ல எழுதின 'இறைவா உமக்கே புகழ்' மடல்ல 49வது எண்ணை எடுத்துப் பாருங்க, பூமியோட அழுகையையும் ஏழைங்களோட அழுகையையும் சேர்த்துக் கேக்கணும்னு இருக்கும். வெள்ளமோ வறட்சியோ வந்தா முதல்ல அடி வாங்குறது யாரு, ஏழைதானே, அப்புறம் எப்படி அதை வேற இதை வேறன்னு பிரிப்பீங்க? என்னைக் கேட்டா ஏற்கனவே இருக்கற பேரவையிலயே எந்த செலவு முடிவு வந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க, இது இல்லாம முடியாதா, இதுல மிச்சமாகுறது ஏழைங்களுக்குப் போகுதா. இந்த ரெண்டாவது கேள்விய விட்டுட்டா எளிமைங்கறது வெறும் சிக்கனம் ஆயிரும். சிக்கனம் கஞ்சனுக்கும் தெரியும்.

கேள்வி: கோயிலை அழகா வெச்சுக்கறது கடவுளுக்குக் குடுக்கற மரியாதை இல்லையா? பீடத்துக்கு செலவு பண்ணாதீங்க ஏழைக்குக் குடுங்கன்னு சொல்றது யூதாஸ் பேச்சு மாதிரி இருக்கே.

இந்தக் கேள்வி வரும்னு எதிர்பார்த்தேன், பைபிள்ல யோவான் நற்செய்தி 12ஐ எடுக்காத ஆளே கிடையாது. மரியா நறுமணத் தைலத்தை இயேசு காலடியில ஊத்துறாங்க, யூதாஸ் இதை வித்து ஏழைங்களுக்குக் குடுத்திருக்கலாமேங்கறான். ஆனா அதுக்கு அடுத்த வரிய யாரும் படிக்கறதில்ல, அவனுக்கு ஏழைங்க மேல அக்கறை இல்ல, பணப்பை அவன்கிட்ட இருந்துச்சு, அதுல இருந்து எடுத்துக்குவான்னு யோவானே எழுதி வெச்சிருக்காரு. 'ஏழைகள் உங்களோடு எப்போதும் இருக்கிறார்கள்'ங்கறதும் பழைய ஏற்பாட்டுல இணைச்சட்டம் 15ல இருந்து வர்றது, அங்க என்ன முடிவு? ஏழைங்க எப்பவும் இருப்பாங்க, அதனால கைய தாராளமா திறன்னுதான் கட்டளை, அவங்களை விட்டுரலாம்னு இல்ல.

அதே சமயம் அழகே கூடாதுன்னு நானும் சொல்ல மாட்டேன். சில இளைஞர் குழுவுல எளிமைன்னு சொல்லி மண் கிண்ணத்துல பூசை வைக்கலாமான்னு கேக்கறாங்க, முடியாது, 2004ல வந்த வழிபாட்டு விதிமுறையிலயே கண்ணாடி, மண், சுலபமா உடையற பாத்திரம் கூடாதுன்னு தெளிவா இருக்கு. ஆனா ஆடம்பரத்தையும் திருச்சபை கேக்கல. ரெண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகத்து ஆயர்கள் கூடின பெரிய கூட்டம்) வழிபாட்டைப் பத்தின ஏட்டுல (124வது எண்) வெறும் பகட்டை விட உயர்ந்த அழகைத் தேடுங்கன்னு சொல்லுது. திருப்பலிப் புத்தகத்தோட பொது விதிமுறையில 305ஐப் பாருங்க, பூ அலங்காரம் அளவா இருக்கணும், பீடத்து மேல வைக்காம சுத்தி வைக்கணும், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல நாலாவது ஞாயிறும் பெருவிழாவும் விழாவும் தவிர பீடத்துக்குப் பூவே கிடையாது. பூசையில குரு போடற திருவுடையோட அழகும் அதுல ஒட்டுற ஜரிகையில இல்ல, துணியிலயும் அமைப்புலயும் இருக்குன்னு 344ல வருது. இதை மட்டும் ஒழுங்கா கடைப்பிடிச்சாலே பாதி செலவு தானா குறையும், யாரும் புரட்சி பண்ண வேண்டியதில்ல.

புனித யோவான் கிறிசோஸ்தோம் 4ஆம் நூற்றாண்டுலயே மத்தேயு நற்செய்தி மறையுரையில இதுக்கு வரிசை சொல்லிட்டாரு. கிறிஸ்து பசியில கிடக்கும்போது அவர் மேசையில தங்கக் கிண்ணம் வெச்சு என்ன பிரயோஜனம், முதல்ல பசிச்சவரை நிரப்பு, மிச்சத்துல மேசைய அலங்கரிங்கறாரு. அலங்கரிக்காதன்னு சொல்லல பாருங்க, எது முதல்லங்கறதுதான் பேச்சு.

கேள்வி: பூசை முடிஞ்சு காபி குடிக்க டிஸ்போசபிள் கப்பு, அறிவிப்புக்கு வாராவாரம் பிரிண்ட். எப்படி நிறுத்தறது?

கழுவற கப்பு வாங்குங்க, யார் கழுவறதுன்னு முறை போடுங்க, அதுல ஆம்பளைங்க பேரும் இருக்கணும். அறிவிப்பை போர்டுல ஒட்டிட்டு மொபைல் குரூப்ல போட்டுருங்க, போன் இல்லாத வயசானவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பிரிண்ட் போதும்.

கேள்வி: சோலார் போடலாம்னு சொன்னா ஃபாதர் காசு இல்லைங்கறாரு. என்ன பண்ணலாம்?

ஃபாதர் சொல்றது நிஜமா இருக்கலாம். சோலார்ல ஆரம்பிக்கறது ஒரு பழக்கமாயிருச்சு, போட்டோவுல நல்லா தெரியும் இல்லையா. வத்திக்கான்லயே 2008ல ஆறாம் பவுல் அரங்கத்துக் கூரையில 2,000க்கும் மேல பேனல் போட்டாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அவங்களுக்கு அது கட்டுப்படியாகும். நீங்க முதல்ல ஒரு வருஷத்து கரண்ட் பில்லையும் தண்ணி பில்லையும் எடுத்து வரிசையா வெச்சுப் பாருங்க. எந்த மாசம் ஏறுது, ஆளில்லாத நேரத்துல எது ஓடுது, எந்த டேங்க் வழியுது, பழைய பல்பு எத்தனை. காசே இல்லாம குறைக்கறதை முதல்ல குறைச்சுட்டு, பல்பை மாத்திட்டு, அப்புறம் மிச்ச தேவைக்கு எவ்வளவு பேனல் வேணும்னு கணக்குப் போட்டா சின்ன சிஸ்டமே போதும்னு வரும். கூரை தாங்குமா, நிழல் விழுதாங்கறதையும் பார்த்துக்கங்க. ரொம்ப முக்கியம், பில்லுல மிச்சமாகுற பணத்துக்கு கணக்குல தனி வரி போட்டு அதை ஏழைங்க நிதிக்கு மாத்துங்க, இல்லன்னா அது அடுத்த வருஷம் சவுண்ட் சிஸ்டமா மாறிரும், நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: அக்கா, கணக்கு கேட்டா எதிர்க்கட்சின்னு முத்திரை குத்தறாங்க. கேக்கறதுக்கு எங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா?

இருக்கு தங்கச்சி, கோவமில்லாம எழுந்து நின்னு கேளுங்க. 1983 திருச்சபைச் சட்டத்துல 537வது விதி ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு கட்டாயம்னு சொல்லுது. மேய்ப்புப்பணிப் பேரவைய (நாம பங்குப் பேரவைன்னு சொல்றது, 536) ஆயர், அதாவது பிஷப், முடிவு பண்ணித்தான் வைக்கணும், ஆனா நிதிக்குழு அப்படி இல்ல, இருந்தே ஆகணும். 1287 ரெண்டாவது பகுதி மக்கள் குடுத்த காணிக்கைக்கு மக்கள்கிட்ட கணக்கு சொல்லணுங்குது, எந்த முறையிலங்கறது அந்தந்த மறைமாவட்ட விதிப்படி. சட்டத்தை எடுத்துட்டுப் போய் மூஞ்சியில வீசாதீங்க, அது வேலைக்கே ஆகாது. 'போன வருஷம் வந்ததுல எவ்வளவு ஏழைங்களுக்குப் போச்சு ஃபாதர்'னு ஒரே ஒரு கேள்வி, அமைதியா. திருச்சபைக்கு சொத்து எதுக்குன்னு 1254 சொல்ற காரணத்துலயே வழிபாடு, குருக்களோட பிழைப்பு, அப்புறம் பிறரன்புப் பணி, குறிப்பா ஏழைங்களுக்குன்னு வருது. மூணாவது மட்டும் கணக்குல சைபரா இருந்தா அது எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம்தானே.

காணிக்கையே எப்படி வந்துச்சுன்னு பாருங்க, கிட்டத்தட்ட 155ஆம் வருஷம் புனித ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டைப் பத்தி எழுதறாரு, முடிஞ்சவங்க குடுக்கறதை தலைவர்கிட்ட சேர்க்கறாங்க, அவர் அநாதைங்க, விதவைங்க, நோயாளிங்க, சிறையில இருக்கறவங்க, வெளியூர்க்காரங்க எல்லாரையும் கவனிச்சுக்கறாருன்னு. அந்தப் பட்டியல்ல கட்டட நிதி இல்ல.

கேள்வி: ஏழைங்களுக்குன்னு சொல்லி தட்டு எடுத்தாங்க, அப்புறம் அவசரம்னு கூரை ரிப்பேருக்கு போட்டுட்டாங்க. தப்பா?

தப்பு. திருச்சபைச் சட்டம் 1267 மூணாவது பகுதி, எந்த நோக்கத்துக்குன்னு குடுத்தாங்களோ அதுக்கு மட்டும்தான். கூரை ஒழுகுதுன்னா கூரைக்குன்னு சொல்லி இன்னொரு தட்டு எடுக்கட்டும், யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

கேள்வி: ஞானஸ்நானம், அடக்கம், பூசைக் கருத்து (ஒரு வேண்டுதலுக்காக பூசை வைக்கச் சொல்றது) இதுக்கெல்லாம் காசு குடுக்க முடியாதவங்க ஒதுங்கியே போயிடறாங்க.

இதை ஒவ்வொரு பங்குலயும் சத்தமா அறிவிக்கணும்னு நான் நினைக்கறேன். திருச்சபைச் சட்டம் 848 சொல்றது, ஏழைங்கறதுக்காக யாருக்கும் ஞானஸ்நானம் மாதிரி அருளடையாளம் கிடைக்காம போகக்கூடாது. 945 ரெண்டாவது பகுதியில காணிக்கை வாங்காமலே, முக்கியமா இல்லாதவங்க கருத்துக்காக, பூசை வைக்கச் சொல்லி குருக்களுக்குப் பலமா பரிந்துரையே இருக்கு. அடக்கத்துக்கு 1181, ஆளைப் பார்த்து பாரபட்சம் கூடாது, ஏழைக்கு உரிய அடக்கச் சடங்கு மறுக்கப்படக்கூடாது. விதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆபீஸ் ஜன்னல்ல ரேட் லிஸ்ட் ஒட்டியிருந்தா காசில்லாதவங்க படி ஏறவே மாட்டாங்க, வந்து 'குறைச்சுக்கங்க'ன்னு கேக்கற அவமானம் அவங்களுக்கு வேணாம்னு இருக்கும். அந்த லிஸ்டுக்குக் கீழ 'முடியாதவங்க தயங்காம வாங்க, எதுவும் தர வேண்டியதில்ல'ன்னு அதே சைஸ் எழுத்துல போடச் சொல்லுங்க.

கேள்வி: நாங்க பொருள் குடுக்கறோம், வாங்கிட்டுப் போறாங்க, ஆனா பங்கு வாழ்க்கையில அவங்க இல்லவே இல்ல. ஏன்?

நல்லா கேட்டீங்க அண்ணே, இதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். நீங்க அவங்களை கியூவுல நிக்க வெச்சீங்க, மேசையில உக்கார வைக்கல. பைபிள்ல யாக்கோபு மடல் 2ல வர்ற காட்சிதான், தங்க மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், அழுக்குத் துணி போட்டவரை அங்க நில்லுன்னு சொல்றது. திருத்தூதர் பணிகள் 6ல கிரேக்க மொழி பேசற விதவைங்களை அன்றாடப் பந்தியில விட்டுட்டாங்கன்னு முறையீடு வருது, திருத்தூதர்கள் கோவப்படல, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க, அந்த ஏழு பேருமே கிரேக்கப் பேரு உள்ளவங்க. பொறுப்பு அந்தப் பக்கத்து ஆளுங்க கைக்கே போன மாதிரிதான் எனக்குத் தெரியுது.

ஃபிரெடெரிக் ஓசானாம் 1833ல பாரிஸ்ல கூட்டாளிங்களோட வின்சென்ட் தே பவுல் சபைய ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு 20. மாணவப் பசங்க, ஏழைங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ரோசலி ரெண்டூ (Rosalie Rendu)ங்கற ஒரு சிஸ்டர்தான் வீடு வீடா போய் உக்காந்து பேசப் பழக்கினாங்க. இன்னிக்கும் சபையோட உயிரு அந்த வீடு சந்திப்புதான், பொதுவா ரெண்டு ரெண்டு பேரா போறது, கேட்டதை வெளிய பேசாம இருக்கறது. அரிசி மூட்டைய வாசல்ல வெச்சுட்டு ஓடி வர்றதை அந்தக் கணக்குல சேர்க்காதீங்க. போங்க, உக்காருங்க, அவங்க குடுக்கற தண்ணிய குடிங்க, பேரவைக்கு யாரை அனுப்பலாம்னு அவங்ககிட்டயே கேளுங்க. மீட்டிங்கை கூலி வேலைக்குப் போற நேரத்துல வெச்சுட்டு 'அவங்க வர்றதில்ல'ன்னு சொல்லாதீங்க. 'நற்செய்தியின் மகிழ்ச்சி'ங்கற மடல்ல 200வது எண்ணுல திருத்தந்தை பிரான்சிஸ், ஏழைங்க அனுபவிக்கற மோசமான பாகுபாடே ஆன்மீக கவனிப்பு இல்லாததுதான்னு எழுதினாரு, பொருள் குடுத்துட்டா கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க அதைப் படிக்கணும்.

கேள்வி: உதவி குடுக்கறப்ப போட்டோ எடுத்துப் போடலாமா? நாலு பேருக்கு தூண்டுதலா இருக்குமே.

கூடாது. மத்தேயு 6:3, தர்மம் பண்றப்ப வலது கை செய்யறது இடது கைக்குத் தெரிய வேணாம். தூண்டணும்னா மொத்தம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு போடுங்க, முகம் வேணாம்.

கேள்வி: இதெல்லாம் அரசியல், கம்யூனிசம்னு எங்க பெரியவரு ஒருத்தர் திட்டறாரு.

பெரியவருகிட்ட மரியாதையா சொல்லுங்க, திருச்சபைச் சட்டம் 222 ரெண்டாவது பகுதி சமூக நீதிய வளர்க்கறதும் சொந்த வருமானத்துல இருந்து ஏழைக்கு உதவறதும் எல்லா விசுவாசிக்கும் கடமைன்னு சொல்லுது. 1891ல திருத்தந்தை பதிமூணாம் லியோ தொழிலாளர்களைப் பத்தி மடல் எழுதினாரு, 2025ல பதினாலாம் லியோவோட முதல் அறிவுரை மடலும் ஏழைங்க மேல உள்ள அன்பைப் பத்தித்தான். இத்தனை திருத்தந்தையும் கம்யூனிஸ்டுன்னா அவர் பாடு.

கேள்வி: ஃபாதர் புதுசா பெரிய கார் வாங்கிட்டாரு...

குருக்கள் எளிய வாழ்க்கை வாழணும், வீண் பகட்டா தெரியறதை ஒதுக்கணும்னு திருச்சபைச் சட்டம் 282ல இருக்கு. ஆனா தம்பி, நீங்க போன வருஷம் எத்தனை போன் மாத்தினீங்க? தூரத்துல நாலு கிளைக் கோயில் இருந்தா அவருக்கு வண்டி வேணும். தேவையா பகட்டாங்கறதை அவர்கிட்டயே நேரா கேளுங்க, முதுகுக்குப் பின்னாடி பேசறதுல நான் கலந்துக்க மாட்டேன்.

கேள்வி: எப்ப ஆரம்பிக்கலாம் அக்கா, நல்ல நாள் ஏதாவது?

செப்டம்பர் 1 படைப்பைப் பேண்றதுக்கான செப நாள், அங்க இருந்து அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள் வரைக்கும் படைப்பின் காலம். அப்ப பில்லையெல்லாம் எடுத்துப் பார்த்து செலவைக் குறைங்க. நவம்பர் பிற்பகுதியில வர்ற கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தின ஞாயிறு உலக வறியோர் நாள், 2017ல இருந்து நடக்குது, அதுக்குள்ள மிச்சமானதை எண்ணி ஏழைங்க நிதியில சேர்த்து அன்னிக்கு பூசையில அறிவிங்க. அன்னிக்கு விருந்து வெச்சா பரிமாறுறவங்க தனியா, சாப்பிடறவங்க தனியான்னு இல்லாம கலந்து உக்காருங்க.

கேள்வி: கடைசியா ஒண்ணு, காணிக்கை பவனியில ஏழைங்களுக்கான மளிகைப் பொருள் கொண்டு வரலாமா? வழிபாட்டுக் குழுவுல சண்டை.

தாராளமா வரலாம், பொது விதிமுறை 73லயே ஏழைங்களுக்கான பணமோ பொருளோ கொண்டு வரலாம்னு இருக்கு, ஆனா பீடத்து மேல வைக்காம தள்ளி வேற இடத்துல வைக்கணும். ரெண்டு கோஷ்டிக்கும் இதைக் காட்டிருங்க. திங்கக்கிழமை அதை யார் எடுத்துட்டுப் போறது, எந்த வீட்டுக்குங்கறதை சனிக்கிழமையே முடிவு பண்ணிருங்க, போன தடவை வந்த மாவு சாக்கிரிஸ்தியிலயே (பூசைப் பொருள் வைக்கற அறை) கிடந்து வண்டு வெச்சதா நீங்களே எழுதியிருக்கீங்க.