மச்சானின் லென்ஸும் மனைவியின் ஆரமும்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். மாதச் சம்பளம் 58,000 ரூபாய். மூக்கனேரியில் பறவைகளையும் ஏற்காட்டில் காட்டெருமைகளையும் படமெடுப்பதில் எனக்குப் பித்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவியின் வளையல்களை 11 சதவீத வட்டிக்கு வங்கியில் வைத்து, 1,80,000 ரூபாயில் கிராப் சென்சார் (சிறிய சென்சார் உள்ள) கேமராவும் 150–600 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். ஆண்டுதோறும் வட்டி கட்டி மறு அடகு வைக்கிறேன். இம்முறை அசலையும் கட்டினால்தான் மறுபடி வைக்கலாம் என்றார்கள். கல்யாண ஸ்டுடியோ நடத்தும் மச்சானிடம் இரண்டு நாள் கைமாற்று வாங்கிச் சமாளித்தேன். இப்போது அவர் 70–200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸையும், லென்ஸோடு மாட்டி எட்டும் தூரத்தை இரண்டு மடங்காக்கும் எக்ஸ்டெண்டரையும் என் பெயரில் வாங்கச் சொல்கிறார். “முகூர்த்த நாளில் எனக்கு, மற்ற நாளெல்லாம் உங்களுக்கு, மாப்பிள்ளை” என்கிறார். 2,50,000 ரூபாய் ஆகும். மீதியிருக்கும் ஆரத்தை வைக்கலாமா? எக்ஸ்டெண்டரை மட்டுமாவது வட்டியில்லா இ.எம்.ஐ.யில் எடுக்கலாமா? மாதம் 9,000 ரூபாய் ஒதுக்க முடியும்.

பதில்: நீங்கள் கேட்டிருப்பது லென்ஸைப் பற்றி, என் கண் நின்றதோ ‘மறு அடகு’ என்ற சொல்லில். 1,80,000 ரூபாய்க்கு 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 60,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, வளையல்களும் வீடு திரும்பவில்லை. அந்தக் கேமராவையும் லென்ஸையும் இன்று பழைய பொருளாக விற்றால் ஒரு லட்சம் கிடைப்பதே அதிகம். அசலைக் கட்டு என்று வங்கி சொன்னபோதாவது அசலைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். நீங்கள் அந்தத் தடையைக் கைமாற்றால் தாண்டிவிட்டீர்கள். மச்சான் அந்த இரண்டு நாளுக்கு வட்டி கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவர் கேட்கும் வட்டிதான் இந்த லென்ஸ்.

ஆரத்தையும் வைத்தால் கடன் 4,30,000 ரூபாயாகும். வட்டி மட்டும் மாதம் கிட்டத்தட்ட 3,950 ரூபாய். இதைக் கொடுத்து நீங்கள் பெறப்போவது என்ன என்று பாருங்கள். 200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் இரண்டு மடங்கு எக்ஸ்டெண்டரை மாட்டினால் 400 மி.மீ. எஃப் 5.6 ஆகிறது (எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). உங்கள் கையில் இப்போதே 600 மி.மீ. எஃப் 6.3 இருக்கிறது! இரண்டரை லட்சம் செலவழித்து எட்டும் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறீர்கள். வெளிச்சத்தில் மிச்சமாவது அரை ஸ்டாப்கூட இல்லை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது), அதையும் எக்ஸ்டெண்டர் கூர்மையில் பிடித்துக்கொள்ளும். மண்டபத்து மேடைக்கு அருமையான லென்ஸ் அது, மறுக்கவில்லை. அவர் தொழிலுக்கு வேண்டிய கருவியை அவரே தொழில் கடனில் வாங்கட்டும். பில்லும் அவர் பெயரில் இருக்கும், தேய்மானத்தையும் தம் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். உங்கள் பெயரில் வாங்கிய லென்ஸ் பந்தியில் தவறி விழுந்தால் யார் தலையில் விடியும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எக்ஸ்டெண்டரை மட்டும் வாங்கி உங்கள் 150–600-இல் மாட்டும் யோசனையும் கணக்குக்கு நிற்காது. 600 மி.மீ. 1,200 ஆகும், எஃப் 6.3 ஏறக்குறைய எஃப் 13 ஆகும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில், பனி விலகாத காலை ஏழு மணிக்கு 1/500 நொடியில் எடுத்த படத்தை 1/125 நொடியில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சென்சாரின் ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ.வை 1,600-இலிருந்து 6,400-க்கு ஏற்ற வேண்டும். அந்த எஃப் 13-இல் பல கேமராக்களின் ஆட்டோஃபோக்கஸ் இருட்டில் சுவர் தடவுவதுபோல் முன்னும் பின்னும் ஓடும். சில எக்ஸ்டெண்டர்களின் முன்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எல்லா லென்ஸிலும் அவை உட்காரவும் செய்யா. மூக்கனேரியில் நண்பகலில் நீர்ப்பரப்பின் மேல் நடுங்கும் வெக்கையை எந்த எக்ஸ்டெண்டரும் போக்காது, பெரிதாக்கித்தான் காட்டும். ஏற்காட்டுச் சாலை வளைவில் முப்பது மீட்டரில் நிற்கும் காட்டெருமைக்கு உங்கள் லென்ஸின் 150 மி.மீ. முனையே போதும், 600-க்குப் போனால் கொம்பும் நெற்றியும்தான் அடங்கும். உங்களுக்குக் குறைவது தூரமில்லை, வெளிச்சம்.

வட்டியில்லா இ.எம்.ஐ. என்ற பெயரைக் கேட்டாலே எனக்குச் சலிப்புத்தான் வருகிறது. ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுக்கிறீர்கள்; அதுதான் வட்டி. கிரெடிட் கார்டு தவணையாக இருந்தால் அந்த மறைவான வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் தனியாக வரும். ஒரு தவணை தவறினால் கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும்.

ஆகவே அந்த 9,000 ரூபாயை இந்த மாதம் முதல் நகைக்கடனின் அசலிலும் வட்டியிலும் கட்டுங்கள். உத்தேசமாக 22 மாதங்களில் கடன் தீரும். ஒரே பையில் வைத்த நகைகளில் பாதியை மட்டும் திருப்பித் தரப் பல கிளைகளில் ஒப்புவதில்லை. தவணை முடிந்து கட்டாயம் புதுப்பிக்க வேண்டி வந்தால், அப்போது மிஞ்சியிருக்கும் தொகையை இரண்டு கடன்களாகப் பிரித்துத் தரக் கேளுங்கள். சிறியதை முதலில் அடைத்தால் ஒரு ஜோடி வளையலாவது சீக்கிரம் கைக்கு வரும்.

பெரிய லென்ஸின் ஆசை அதுவரை அடங்காது என்று எனக்கும் தெரியும். சென்னையிலும் பெங்களூருவிலும் 600 மி.மீ. எஃப் 4 போன்றவை நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஐந்து நாள் 15,000 ரூபாய்தான். வளையல்கள் வீட்டுக்கு வந்தபின் இதைச் செய்யுங்கள், அதுவும் ரொக்கத்தில். இருக்கும் லென்ஸை ஏற்காட்டு ஈரத்திலிருந்து காக்க, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா ஒன்றைச் சில நூறு ரூபாயில் வாங்கிவிடுங்கள். உள்கண்ணாடியில் பூஞ்சை சிலந்திவலைபோல் படர்ந்தால் விற்றால் கிடைக்கும் விலையும் போய்விடும்.

மச்சானிடம் இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் மனைவி சொல்வது நல்லது. ஆரம் அவருடையது, அண்ணனோ தம்பியோ அவருக்குத்தான்.