டப்பாவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்: பள்ளியில் உணவுப் பாடம், கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வைட்டமின் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: வைட்டமினில் தொடங்கினால் நானும் கொட்டாவிதான் விடுவேன். ஒரு காயைக் கொண்டு போங்கள். பச்சையாக ஒரு துண்டு, வேகவைத்தது ஒன்று, துருவியது கொஞ்சம். முகரச் சொல்லுங்கள், கடிக்கும்போது என்ன சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் கதை வரும்.

என் வகுப்பில் ஒரு பையன் முதல் வாரம் பீட்ரூட்டைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் முகர்ந்தான். மூன்றாம் வாரம் நுனிநாக்கில் வைத்துவிட்டு "மண் வாசனை" என்றான். சரியாகத்தான் சொன்னான். மழை பெய்த மண்ணின் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. அதைச் சொன்னதும் மொத்த வகுப்பும் மண்ணைத் தேடி பீட்ரூட்டைக் கடித்தது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எதையும் வாயில் வைக்கும் முன், யாருக்கு எது ஒவ்வாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் மகள் காய்கறியே தொடுவதில்லை.

பதில்: புது உணவைக் கண்டு ஒதுங்குவது 2 முதல் 6 வயதில்தான் அதிகம். அதே காயை 8 முதல் 15 தடவை வரை, வற்புறுத்தாமல், துளித்துளியாக வைத்துப் பாருங்கள். பலர் மூன்றாவது தடவையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: காய் சாப்பிட்டால் சாக்லேட் தரலாமா?

பதில்: வேண்டாம். காய் தண்டனை, சாக்லேட் விடுதலை என்றுதான் மனதில் பதியும்.

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு சர்க்கரை பற்றி எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லாதீர்கள், அளக்க விடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 500 மில்லியில் 50 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்து, காலி கண்ணாடி டம்ளரில் அந்தச் சர்க்கரையைப் போடும்படி ஒரு பிள்ளையிடம் சொல்லுங்கள். எட்டாவது கரண்டியில் வகுப்பே சத்தமாக எண்ண ஆரம்பித்துவிடும். அப்புறம் கணக்கு: சேர்க்கும் சர்க்கரை நாளின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 40 கிராம்.

கேள்வி: மகனுக்கு இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு தரலாம்?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தினமும் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து 10க்கு மதிப்பெண் போடுகிறேன். நல்ல பலன் இருக்கிறது.

பதில்: நிறுத்திவிடுங்கள் டீச்சர். டப்பாவை நிரப்பியது அந்தப் பிள்ளை இல்லை.

அதே டீச்சர்: கண்டிப்பு இல்லாமல் பழக்கம் வருமா? பெற்றோரே மாறியிருக்கிறார்கள்.

பதில்: சில வீடுகளில் மாறியிருக்கும். முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? ஒரு கையில் மூடியைப் பிடித்து டப்பாவைப் பாதி மறைத்துக்கொண்டு மறு கையால் அவசரமாகச் சாப்பிடும். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஆசிரியர்: நாங்கள் எடை பார்த்துப் பட்டியல் ஒட்டுகிறோம். அதுவும் தப்பா?

பதில்: அதைவிடப் பெரிய தப்பு சார். இன்றே கிழித்துவிடுங்கள். எடை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வகுப்பில் கேலி பண்ண அதைவிட வசதியான சாமான் கிடைக்காது. 'நல்ல உணவு, கெட்ட உணவு' என்று இரண்டு பெட்டி வரைவதும் வேண்டாம். கெட்டதைச் சாப்பிட்ட பிள்ளை தன்னையே கெட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் பையன் காய்கறி சாப்பிட மாட்டேன் என்கிறான்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் காய்கறிதான் பிரச்சினை.

பதில்: 15 தடவை. எண்ணிக்கொண்டே வாங்க.

டப்பா டீச்சர்: சரி, மதிப்பெண்ணை விட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் என்ன செய்ய?

பதில்: உங்கள் டப்பாவைத் திறந்து வைத்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

டப்பா டீச்சர்: என் டப்பாவில் காயே இருக்காதே!

பதில்: அப்போ உங்களுக்கும் 15 தடவை.