டிப்ளமோ சிவில், ஆறு வருட சைட் அனுபவம்: அடுத்தது பி.இ.யா, என்விக்யூவா?

பெருந்துறையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 25, சிவில் டிப்ளமோ முடித்து ஆறு வருடமாகத் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக் கட்டடங்கள் எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். புராஜெக்ட் மேனேஜராக வேண்டும் என்பது ஆசை. "பி.இ. முடிச்சாத்தான் பொண்ணு வீட்டுல மதிப்பாங்க" என்கிறார் அப்பா. சவுதியில் இருக்கும் மச்சான் "இங்கிலாந்து என்விக்யூ லெவல் 6 பண்ணு மாப்ள, அது டிகிரிக்குச் சமம், சீக்கிரம் முடிஞ்சிரும்" என்கிறார். (என்விக்யூ என்பது வேலைத் திறமையைப் பார்த்துத் தரும் இங்கிலாந்துச் சான்றிதழ்.) கூட வேலை செய்யும் மேஸ்திரியோ "ஆறு வருசம் பார்த்ததுக்கு மேல என்னங்க படிப்பு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விடாமல் பகுதி நேர பி.இ. சேருங்கள். என்விக்யூவுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ஆனால் மேஸ்திரி சொல்வதையும் தள்ளிவிட முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், காங்கேயம் ரோட்டில் ஒரு குடோன் வேலை. நாலடி வெளியே நீட்டிய சன்ஷேடுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். அதில் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் வெளியே நீட்டிய பலகை தொங்கப் பார்க்கும்போது இழுபடுவது அதன் மேல்பக்கம்தான். இது எனக்குப் பரீட்சையில் எழுதத் தெரியும். ஆட்கள் சட்டியோடு அந்தக் கம்பி மேலேயே நடந்து நடந்து அது கீழே அமுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தது நான் அல்ல, பத்து வருடம் சைட்டில் இருந்த டிப்ளமோ சூப்பர்வைசர். மிக்சரை நிறுத்தச் சொல்லி, கம்பியைத் தூக்கி, அடியில் இன்னும் நாலு சேர் கம்பி (மேல் கம்பியைத் தாங்கி நிற்கும் வளைத்த கம்பி) வைத்துக் கட்டவைத்துத்தான் மறுபடி கான்கிரீட் போட விட்டார். அன்று அவர் இல்லாவிட்டால் சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) பிரிக்கிற நாளில் யாராவது அடியில் மாட்டியிருப்பார்கள். இந்தக் கண் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது, உங்களிடம் அது ஏற்கனவே ஓரளவு வந்திருக்கும்.

சரி, அதே சூப்பர்வைசருக்கு அடுத்த வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். லாரி திரும்ப இடம் போதவில்லை, நடுவில் ஒரு தூணை எடுத்துவிடலாமா என்று ஓனர் கேட்டார். எடுக்கக் கூடாது என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்தது. ஏன் கூடாது, எடுத்தால் பீம் எவ்வளவு ஆழம் வேண்டும், பக்கத்துத் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் எவ்வளவு எடை கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் ஓனரின் குரல்தான் ஓங்கும். கடைசியில் வெளியே இருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து சொன்னபிறகுதான் நின்றது. மேனேஜர் வேலை என்பது பாதி இதுதான், முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்வது.

அடுத்தது கையெழுத்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி கட்டட வேலையில் பொறுப்பேற்பவர்கள் பதிவு செய்த வல்லுநர்களாக இருக்க வேண்டும், அதில் கட்டமைப்புப் பொறியாளராகப் பதிய டிகிரி இல்லாமல் முடியாது. அரசு வேலையிலும் அப்படித்தான், உதவிப் பொறியாளர் தேர்வுக்குப் பி.இ. கேட்பார்கள், டிப்ளமோவுக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் போன்ற பதவிகள். பெரிய கட்டுமானக் கம்பெனிகளில் டிப்ளமோக்காரர்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள், ஆனால் ஒரு படிக்கு மேலே ஏறும்போது அந்தக் காகிதத்தைக் கேட்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, இருந்தாலும் உங்கள் வாழ்க்கையை அதற்கேற்பத்தான் திட்டமிட வேண்டும்.

இனி மச்சான் சொன்னது. என்விக்யூ ஏமாற்று வேலை இல்லை, நல்ல முறை. பரீட்சை கிடையாது, நீங்கள் சைட்டில் செய்கிற வேலையையே ஒரு மதிப்பீட்டாளர் பார்ப்பார், சைட் டைரி, மீட்டிங் குறிப்பு, பாதுகாப்புக் கூட்டப் பதிவு, போட்டோ எல்லாம் சேர்த்து ஆதாரமாகக் கொடுக்க வேண்டும். சைட் மேனேஜ்மென்ட் லெவல் 6 இருந்தால் இங்கிலாந்தில் கட்டுமான சைட்டில் தகுதியைக் காட்டும் சிஎஸ்சிஎஸ் கறுப்பு கார்டு, அதாவது மேனேஜர் கார்டு வாங்க வழி உண்டு. ஆனால் 'லெவல் 6' என்பது அந்த நாட்டு வரிசையில் இளநிலைப் பட்டம் இருக்கும் அதே படி என்றுதான் அர்த்தம், அது பட்டம் ஆகிவிடாது. சவுதியில் இன்ஜினியர் என்று பெயர் போட அங்குள்ள பொறியாளர் கவுன்சிலில் பதிய வேண்டும், அவர்கள் டிகிரிக்காரரை இன்ஜினியர் என்றும் டிப்ளமோக்காரரை டெக்னீஷியன் என்றும் பிரிக்கிறார்கள். இங்கிலாந்துக்கே போய் வேலை கிடைத்தால் அப்போது அங்கேயே செய்துகொள்ளுங்கள்.

குறுக்கு வழி என்று இன்னும் இரண்டு விஷயம் உங்கள் காதுக்கு வரும். தபால் வழி பி.இ. வேண்டவே வேண்டாம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இல்லாமல் நடத்திய அந்தப் படிப்புகளை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்லி எத்தனையோ பேர் நடுத்தெருவில் நின்றார்கள். கல்லூரிக்குப் போகாமல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் அமைப்பின் தேர்வுகளை எழுதி வாங்கும் ஏ.எம்.ஐ.இ.யும் அப்படியே, 2013 மே 31-க்குள் பதிந்தவர்களுக்குத்தான் அது பி.இ.க்குச் சமம்.

பகுதி நேர பி.இ. என்பது டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கானது, மாலை வகுப்பு, ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். கோவையில் ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி டெக் போன்ற கல்லூரிகளில் நடக்கிறது, சேர்க்கை தனிக் கவுன்சலிங் மூலம். இந்த வருடம் சிவில் எங்கே இருக்கிறது, என்ன தகுதி என்று அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். லேட்டரலில் நேராக இரண்டாம் வருடம் முழுநேரமாகச் சேரலாம்தான், 19 வயதுத் தம்பி கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு மூன்று வருடச் சம்பளம் போகும், சைட் பழக்கமும் விட்டுப்போகும்.

சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். திருப்பூர் சைட்டில் ரூஃப் கான்கிரீட் நாளன்று பீளமேட்டில் மாலை வகுப்பு என்பது நடக்காத காரியம். அதனால் முதலாளியிடம் இப்போதே பேசி கோவைப் பக்க சைட்டுக்கு மாற்றிக் கேளுங்கள், மாட்டேன் என்றால் கோவையிலேயே வேறு கம்பெனி பாருங்கள், சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. வகுப்பு ஒருபக்கம் நடக்கட்டும், சைட்டில் பில்லிங், அளவுப் புத்தகம், வேலை அட்டவணை மூன்றையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள், மேனேஜர் இன்டர்வியூவில் அதைத்தான் குடைவார்கள்.

உங்கள் மனதில் இருப்பது சொந்தக் கான்ட்ராக்ட் மட்டும்தான், வெளிநாடும் வேண்டாம், கையெழுத்துக்கு ஒரு இன்ஜினியரை வைத்துக்கொள்வேன் என்றால் டிகிரிக்கு அவசரமில்லை. அப்படியா என்று நீங்களேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். நம் பக்கம் நிறையக் கான்ட்ராக்டர்கள் சனிக்கிழமை கையில் சம்பளம் கொடுத்து முடித்துவிடுவார்கள், பி.எஃப். பிடித்தமோ வேலை நியமன ஆர்டரோ எதுவும் இருக்காது. விண்ணப்பத்தில் அனுபவச் சான்று கேட்கும்போது ஆறு வருடமும் காற்றில் போய்விடும். சேர்ந்த தேதி, பதவி, செய்த வேலைகள் எல்லாம் போட்டு, லெட்டர்ஹெட்டில் முதலாளி கையெழுத்தோடு ஒரு சான்றிதழ் வாங்கி வையுங்கள்.